புறப்பட்ட காரணம்

புதுக்கோட்டைப் பக்கத்து ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு போன்ற ஊர்களில் ஒரு குடும்பம் கடல் கடந்து போன கதையைத் தெரிந்துகொள்ள வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே போதும். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள் நிற்கின்றன. கப்பலில் வந்த கண்ணாடியும் சலவைக்கல்லும் வண்ண ஓடுகளும் இருக்கின்றன. உள்ளே பேரேடுகள், கடிதக் கட்டுகள், சட்டமிட்ட புகைப்படங்கள். கிழக்கே கடற்கரைக்குப் போனால் கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், மீமிசல்; அங்கே மலாயாவும் சிங்கப்பூரும் பின்னால் வந்த வளைகுடாவும் வீட்டுப் பேச்சோடு கலந்துவிட்டன. புதுக்கோட்டை மன்னரே வெளியே போனவர்தான். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மணந்தார். ஆங்கில அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928இல் பாரிஸில் இறந்தார். அந்தக் கதையைச் சொல்ல இந்த ஊரில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதே மண்ணிலிருந்து, இதே காலத்தில், இன்னொரு கூட்டமும் போனது. இலங்கையின் மலைகளுக்கு, முதலில் காப்பிக்கும், காப்பிச் செடிகளை நோய் அழித்த பிறகு தேயிலைக்கும் போனவர்கள். அவர்கள் ஊரில் கட்டி வைத்த வீடு கிடையாது. பேரேடும் புகைப்படமும் கிடையாது. இருந்ததெல்லாம் வாயால் சொன்ன கதை. நான் அந்தக் கூட்டத்தின் பேரப்பிள்ளை. அந்த வாய்க்கதை எதைப் பத்திரமாகக் கொண்டுபோனது, எதை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனது என்ற கேள்வி பல வருஷங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

போன விதம் எல்லோரும் அறிந்ததுதான். தோட்டத்திலிருந்து கங்காணி ஊருக்கு வருவார். நல்ல வேட்டி, கோட்டு, கையில் முன்பணம். அவர் அந்நியர் அல்லர். பக்கத்து ஊர்க்காரர், பல நேரம் உறவுமுறை சொல்லி அழைக்கக்கூடியவர். வழிச்செலவு, சாப்பாடு, ஊர்க்கடன் தீர்த்தது எல்லாம் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே ஆள் கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமென்றால் அந்தக் கடனை எழுதிய துண்டுச்சீட்டும் கூடவே போகும். தொடக்க காலத்தில் தொண்டி, அம்மாபட்டினம் போன்ற துறைகளில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களை அந்தப் பாதையிலேயே விட்டுப் போனார்கள். 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சியில் ஆள் சேர்க்கும் கமிஷன் அலுவலகமே வைத்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் வந்தது, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வந்தது. 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு போவது எளிதாகிவிட்டது. 1939இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை அது நிற்கவில்லை.

எங்கள் அப்பாயி போனது அந்தத் தடைக்குச் சில வருஷங்கள் முந்தி. ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவளுடைய அப்பா, அம்மா, கைக்குழந்தையாகத் தங்கச்சி, இவள். அப்போது சமஸ்தானத்துக்குப் பட்டத்தில் இருந்த ராஜகோபால தொண்டைமானே சிறுவர். ரயிலேறி மண்டபம். அங்கே இலங்கை அரசு நடத்திய தொற்றுத் தடுப்பு முகாமில் சில நாள் அடைத்துவைத்து, அம்மை குத்தி, துணிமணிகளை ஆவியில் வைத்து எடுத்து, பிறகு கப்பல். பிறகு மஸ்கெலியா. மலையேறிய நாள் குளிரில் பல்லடித்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பாயி கதை சொல்லுவாள் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அவள் சொன்னது ஒரே ஊரை. தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் காம்பராவில், அடுப்புப் புகைக்குள்ளே, மழை விடாத மாதங்களில், தன் பிள்ளைகளுக்கு அவள் அந்த ஊரை இடம் இடமாகச் சொன்னாள் என்று அப்பா சொல்வார். கண்மாய்க்கு எத்தனை மடை, மிகுநீர் வழியும் கலிங்கு எந்தப் பக்கம், கலிங்கைத் தாண்டினால் எத்தனை பனை. கரையை ஒட்டி அய்யனார் கோயில். வாசலில் இரண்டு பக்கமும் மண்குதிரைகள். மூத்த குதிரைக்கு ஒரு காது உடைந்திருக்கும். மாசி மகத்துக்குக் குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் பெரிய குதிரைக்குக் காகித மாலை போட சனம் வண்டி வண்டியாகப் போவது. பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மனுக்குக் காவடி. எங்கள் கொள்ளுப்பாட்டன் புறப்படும்போது அய்யனார் கோயில் வாசலில் பிடிமண் எடுத்து முடிந்துகொண்டு போனாராம். அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் லயத்துக்கு மேல் மலையோரத்தில் ஒரு கல்லை நட்டுச் சாமியாக்கினார்கள். இலங்கை மலைகளில் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கிற சின்னச் சின்னக் கோயில்களில் பலவற்றின் அடியில் இப்படி ஏதோ ஒரு தமிழ்நாட்டு ஊரின் ஒரு பிடி மண் இருக்கிறது.

அப்பா அந்த ஊரைப் பார்த்ததில்லை. அவர் மஸ்கெலியாவில் பிறந்தவர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஊருக்குள் நடக்க அவருக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள். காலடியில் ஒரு மண், காதில் இன்னொரு மண்.

1948 இந்தக் குடும்பத்துக்கு இரண்டு கரையிலும் தரையைப் பிடுங்கிய வருஷம். மார்ச் 3ஆம் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. அதே வருஷம் இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத்துத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. அவர்கள் உழைப்பில் தேயிலை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாட்டில் அவர்கள் யாரோ ஆனார்கள். புறப்பட்டு வந்த சமஸ்தானமும் வரைபடத்தில் இல்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. இதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பத்து லட்சம் மனிதர்களின் எதிர்காலத்தை அந்த மனிதர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் முடித்தார்கள். சிவகங்கைச் சீமை முனப்புதூரில் பிறந்து இலங்கை மலையகத்தின் பெருந்தலைவராக உயர்ந்த சௌமியமூர்த்தி தொண்டமான் எதிர்த்தார். அவர் குரல் அந்த மேசைவரை போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுத வேண்டிய தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பூர்வீக ஊர், தாலுகா, மாவட்டம், அங்கே இருக்கும் உறவினர் என்று அதில் கேட்டிருந்தார்கள். அங்கேதான் அப்பாயியின் கதை அரசாங்கத் தாளில் ஏறியது. அடுப்படியில் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன ஊர் இப்போது சாட்சியம். கொள்ளுப்பாட்டன் பெயர், கண்மாய் பெயர், அய்யனார் பெயர், பக்கத்துப் பெரிய ஊர். அப்பாயி வாயில் சமஸ்தானம் என்றுதான் வரும். எழுதியவர் திருச்சி மாவட்டம் என்று எழுதினார். அவர்கள் வந்து சேர்ந்தபோது அதுவும் மாறி, 1974 ஜனவரி 14 முதல் புதுக்கோட்டை தனி மாவட்டமாகிவிட்டிருந்தது. ஒரே ஊர், அதற்குள் மூன்று முகவரி. ஆனாலும் கடிதம் போய்ச் சேர்ந்தது, ஊரில் ஒரு பங்காளி இருப்பதாகப் பதில் வந்தது, குடும்ப அட்டை கிடைத்தது. பதிவேடு இல்லாத ஒரு பெண் எட்டு வயதில் பார்த்ததை வைத்து ஐந்து பேருக்கு ஒரு நாட்டின் குடியுரிமை வாங்கிக் கொடுத்தாள். வரலாறு படித்தவர்கள் வாய்மொழி வரலாற்றின் நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது நான் அவளை நினைத்துக்கொள்வேன்.

அப்பா ஏன் இலங்கைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். பசி என்றார். 1973, 74இல் தோட்டங்களில் உணவுத் தட்டுப்பாடு கொடுமையாக இருந்தது. மாவும் அரிசியும் அளந்து கொடுத்தார்கள், அதுவும் நின்றது. வேலை நாட்களும் குறைந்தன. லயங்களில் வயதானவர்களும் குழந்தைகளும் செத்தார்கள். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருந்த பலர் அப்போதுதான் கப்பலேற முடிவெடுத்தார்கள். அத்தோடு அப்பாயியின் ஊர் வேறு, கண்மாயும் பனையுமாக, காத்துக்கொண்டிருந்தது.

வந்த வழி போன வழியேதான். மலையிலிருந்து கோச்சி ரயிலில் தலைமன்னார். ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததை அப்பா பேச ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார். அவருடைய அக்கா குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோய்விட்டதால் 'ராமானுஜம்' கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. அங்கிருந்து மண்டபம். அப்பாயி சிறுமியாக அம்மை குத்திக்கொண்ட அதே முகாம். இப்போது அதில் தாயகம் திரும்பியோர் என்று எழுதியிருந்தது. கரையிறங்கியதுமே பணம் மாற்றித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று சூழ்ந்துகொண்ட தரகர்களிடம் சேமிப்பைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் அம்மாவின் காதுத்தோடு அப்படித்தான் போனது.

ஊர் சொன்னபடியே இருந்தது. அதுதான் அப்பாவைத் திகைக்கவைத்தது. கண்மாய் இருந்தது. கலிங்கு அவள் சொன்ன பக்கத்தில் இருந்தது. பனைகளில் சில விழுந்திருந்தன, மீதி நின்றன. குதிரைகள் நின்றன. அப்பா யாரையும் வழி கேட்காமல் பேருந்து நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு நடந்தார் என்பதை எங்கள் தெருவில் இன்றும் சொல்வார்கள்.

கண்மாயில் தண்ணீர் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் உண்டு. இங்கே ஆறுகள் மழைக்கு ஓடி மழையோடு நிற்பவை. காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்துக் கடைமடையை மட்டும் தொடும். மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மலையில் பிறந்தவர்களுக்கு இந்த வெயிலும் செம்மண்ணும் கருவேலும் வேறு நாடு. அம்மா வந்த முதல் கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு, தேத்தண்ணிக்குப் பாலும் இல்லாமல், திரும்பிப் போகலாம் என்று அழுதிருக்கிறாள். திரும்பிப் போக நாடு இல்லை. ஊரில் எங்களைச் சிலோன்காரர் என்றார்கள். எங்களுக்கு அங்கே நிலம் கிடையாது. இருந்ததாக அப்பாயியும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. அவள் கண்மாயைச் சொன்னாள், அந்தக் கண்மாய்ப் பாய்ச்சலில் எங்களுக்கு ஒரு செய் இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்றும் உறைத்தது. முதல் வாரத்தில் அப்பா கடைவீதி தேநீர்க் கடைக்குப் போனார். அவருக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டுக் கழுவி வைக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அய்யனாருக்கு விளக்குப் போட அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது குதிரைகளைத் தாண்டி உள்ளே போகக் கூடாது என்று பூசாரி சொன்னார். அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்ததாம்: அப்பாயி சொன்ன கோயிலில் வாசல் உண்டு, அரசமரம் உண்டு, ஒரு காது உடைந்த குதிரை உண்டு, கருவறை கிடையாது. உள்ளே சாமி எப்படி இருக்கும் என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவள் பார்த்ததில்லை. பிடிமண்ணும் வாசல் மண்தான்.

தோட்டத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். லயம் பிரித்ததிலேயே சாதி இருந்தது. பெரிய கங்காணிகள் யார், கொழுந்துக் கூடை சுமந்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்த ஊரின் அடுக்கைத்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். துரைமார்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனாலும் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் ஒரே நேரம் நின்றார்கள், மலையில் ஒரே நிரையில் கொழுந்தெடுத்தார்கள், மடுவத்தில் ஒரே தராசில் நிறுத்தார்கள். சங்கக் கூட்டத்தில் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தவர். துரையிடம் நேராக நின்று சம்பளக் கணக்குக் கேட்டவர். அந்த மனிதர் சொந்த ஊர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் குவளையைக் கழுவி வைத்தார்.

புலம்பெயர்ந்தவர்களின் குடும்பக் கதைகளைப் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் ஈழத்துப் பிள்ளைகள் தங்கள் தாய் தந்தையின் பயணங்களை எழுதுகிறார்கள். நல்ல எழுத்து அது, தேவையான எழுத்து. அவற்றில் புறப்பட்ட காரணம் எல்லோருக்கும் தெரியும்: போர், சிறை, ஆமி. காரணத்தைச் சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் அப்படி இல்லை. பஞ்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். பஞ்சமும் உண்மைதான், 1876 முதல் 78வரை வந்த தாது வருஷப் பஞ்சம் பல்லாயிரம் பேரைக் கடல் தாண்ட வைத்தது. ஆனால் மழை பெய்த வருஷங்களிலும் கங்காணிக்கு ஆள் கிடைத்தது. நிலமில்லாதவர்களுக்கும், தெருவுக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்களுக்கும், பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கும் கங்காணியின் முன்பணம் ஒரு கதவாக இருந்தது. அது இன்னொரு சிறைக்குள் திறந்த கதவு என்பது பிறகுதான் தெரியும். புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி' இதை விடவில்லை. அந்தக் கதை தேயிலைத் தோட்டத்தில் தொடங்குவதில்லை, ஊரில் தொடங்குகிறது. தோட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர் உண்டு. ஊர் எப்படி அவர்களைத் துப்பியது என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர் அவர்.

அப்பாயி ஏன் சொல்லவில்லை? கோழைத்தனம் என்று ஒருகாலத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அட்டை கடித்த காலோடு, அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்ட நாளில் அழுதுகொண்டு வந்த பிள்ளைக்கு அவள் என்ன கொடுத்திருக்க முடியும்? இது நம் இடம் இல்லை, நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று சொல்ல அவளுக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. அந்த ஊரும் நம்மை அடித்து விரட்டியதுதான் என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு நிற்க எங்கேயும் இடமில்லை. அதனால் அவள் ஊரிலிருந்து ஆட்களை எடுத்துவிட்டாள். கண்மாய், கலிங்கு, பனை, குதிரை எல்லாம் மீந்தன. இப்போது யோசித்தால் அவள் கதையில் எங்கள் தெருக்காரர்களைத் தவிர ஓர் ஆள்கூட இல்லை. ஆனால் அவள் பிள்ளைகளுக்காகச் செய்த அந்த விடுபடல் இரண்டு அரசாங்கங்களுக்கும் உதவியாகிவிட்டது. தாயகம் என்று ஒன்று காத்திருக்கிறது, அங்கே அனுப்புகிறோம் என்று பிரதமர்கள் பேசியதற்கு அடியில் லட்சக்கணக்கான அப்பாயிகளின் கதைகள் இருந்தன.

ஊரில் நிலைக்க முடியாதவர்கள் மறுபடியும் கிளம்பினார்கள். வியாபாரக் கடன் என்று சில ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வியாபாரம் தெரியாதவர்கள், ஊரில் யாரும் வாங்காத கடை போட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். தாயகம் திரும்பியோருக்காக 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. அதற்கு முந்தைய வருஷமே நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கி, பின்னால் அது டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் சனம் போனது. அட்டையில் புதுக்கோட்டை என்று எழுதியிருந்தவர்களும் போனார்கள். தெரிந்த வேலை தேயிலை, தெரிந்த குளிர் மலை. சிலர் கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். எங்கள் சித்தப்பா குடும்பமும் சின்ன அப்பாயியும் கூடலூர் போனார்கள். அப்பா போகவில்லை. அவர் வந்த இடத்தை விடமாட்டேன் என்று கொத்தனாருக்குக் கையாளாகப் போய், பிறகு தானே கொத்தனாராகி, எங்களைப் படிக்கவைத்தார்.

சின்ன அப்பாயி, அந்தக் கைக்குழந்தைத் தங்கச்சி, கடைசிக் காலத்தில் கூடலூரில் இருந்தாள். ஏன் ஊரை விட்டுப் போனார்கள் என்று அவளிடம்தான் நான் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குப்பா இப்ப, ஒங்க அப்பாயியே சொல்லலையே” என்றாள். பிறகு அடுப்பில் தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். அவளும் பார்த்ததில்லை. அவளுடைய அம்மா சாகிறதுக்கு முந்தி அவளிடம் மட்டும் சொன்னது.

எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர் அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் காத்திருக்கும் சனம் ஒரே நேரத்தில் இறங்கும். சாதி பார்க்காத திருவிழா என்று இப்போது பத்திரிகைகளில் படத்தோடு வருகிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் அப்படி இல்லை. எங்கள் தெரு கரையிலேயே நிற்க வேண்டும். மற்றவர்கள் பிடித்து ஏறிய பிறகு, சேறு கலங்கி அடங்கிய பிறகுதான் இறங்கலாம். அந்த வருஷம் கொள்ளுப்பாட்டன் துண்டு வீசியதும் இறங்கிவிட்டார். ஏன் இறங்கினார் என்று சின்ன அப்பாயிக்குத் தெரியவில்லை. ஊத்தாவில் இரண்டு விரால். கரையேறியதும் பிடித்துக் கலிங்குக்குப் பக்கத்துப் பனையில் கட்டிவைத்து அடித்தார்கள். சாயங்காலம்வரை கட்டியே இருந்தார். கட்டை அவிழ்த்த மூன்றாம் நாள் கங்காணியைத் தேடி அவரே நடந்து போனார். போகிற வழியில் அய்யனார் வாசலில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். “மீனைப் புடுங்கிக்கிட்டாங்களாமா?” என்று மட்டும் கேட்டார். சின்ன அப்பாயி அதைச் சொல்லவில்லை, நானும் கேட்டிருக்கவில்லை.

அப்பாயிக்கு எட்டு வயது. அவள் கரையில்தான் நின்றிருப்பாள். கலிங்கு எந்தப் பக்கம், அதைத் தாண்டினால் எத்தனை பனை என்று அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது எப்படி என்று இப்போது எனக்குப் புரிகிறது. அந்தத் துல்லியம்தான் கண்டி அலுவலகத்தில் எங்களுக்குக் குடியுரிமை வாங்கித் தந்தது.

இது முடிந்துபோன பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து இறையூரில் அன்றைய மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு தாமே பட்டியல் சாதி மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியிருந்தது. அதே ஊர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்ததற்கு வழக்குப் போட வேண்டியிருந்தது. அங்கே வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்ததை நாடே அறியும். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த இரவு அப்பா சாப்பிடவில்லை.

அதேபோல முகவரி கேட்கும் படிவமும் இன்னும் முடியவில்லை. 1983க்குப் பிறகு மண்டபம் முகாம் மூன்றாவது தடவை நிரம்பியது, இம்முறை அகதிகளால். நம் மாவட்டத்தில் லேணா விளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் அழியாநிலையிலும் முகாம்கள் உண்டு. 2021இல் தமிழக அரசு அகதி என்ற பெயரை எடுத்துவிட்டு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, குடியுரிமை இல்லாத நிலை மாறவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் பெரும் எண்ணிக்கையினர் மலையகத்து வம்சம். கலவரங்களில் மலையிலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடி, அங்கிருந்து படகேறி வந்தவர்கள். அவர்கள் கொள்ளுப்பாட்டன்களும் இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள்தான். ஆனால் படகில் வந்ததால் 1964 ஒப்பந்தம் அவர்களைத் தொடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் தொடவில்லை. அந்த வருஷம் ஜூன் மாதம் திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வழிசெய்து, மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்றது. பரிசீலிக்க என்ன கேட்பார்கள்? முன்னோர் எந்த ஊர், என்ன ஆதாரம். மறுபடியும் யாரோ ஒரு பாட்டி சொன்ன கண்மாயும் கோயிலும்தான் தாளில் ஏறியாக வேண்டும். பல முகாம் வீடுகளில் அந்தப் பாட்டிகள் இறந்துவிட்டார்கள்.

2023இல் மலையகத்துக்கு ஆள் போய் 200 வருஷம் ஆனதை ஒட்டி இலங்கையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு கூட்டம் நடைப்பயணம் போனது, முன்னோர் நடந்த பாதையிலேயே. அந்தப் பாதைக்கு இந்தக் கரையிலும் ஒரு பாதி இருக்கிறது. ஆலங்குடி, கந்தர்வகோட்டை, திருமயம், அறந்தாங்கி என்று அது நம் ஊர்களுக்குள்ளே, கண்மாய்க் கரைகளின் மேலே போகிறது. 'ராமானுஜம்' கப்பலில் வந்தவர்களில் பெரியவர்களாக வந்தவர்கள் இப்போது எழுபது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் பார்க்கிற ஆசிரியர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எந்த ஊரிலிருந்து போனார்கள் என்று கேட்டால் உடனே பதில் வரும். அது அட்டையிலேயே இருக்கிறது. ஏன் போனார்கள் என்பதற்குப் பஞ்சம் என்பார்கள். அங்கே எழுந்துவிடக் கூடாது, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஊர்க்காரர் யாரும் பக்கத்தில் இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குக் கூடலூர்வரை போக வேண்டியிருந்தது.